கல் இல்லாத ரோடு

வேன் மூன்றாம் தடவையும் வாய்க்காலில் கவிழ்ந்தது.

ஓட்டிச் சோதித்துப் பார்க்க வந்திருந்த முபாரக் பாய் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். எதிரே இருந்த பெரிய திரையில் தண்ணீர் மட்டும் தெரிந்தது.

“முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினேன். ஒரு வாத்தைக்கூடத் தட்டினதில்ல. உங்க கம்ப்யூட்டர்ல மூணு தடவ முங்கிட்டேன்.”

“இடது பக்கம் ரொம்ப ஒட்டிப் போறீங்க பாய்” என்றாள் குந்தவை.

“எதிர்ல லாரி வந்தா வேற எங்கம்மா ஒதுங்குறது?”

 டிரைவிங் கற்றுக்கொள்கிறவர்கள் திரையைப் பார்த்து ஓட்டிப் பழகுவதற்காக அவள் செய்துகொண்டிருந்த ரோடு அது. நிஜ ரோட்டில் ஸ்கேனர் பொருத்திய கார் போய் அளந்து வரும். கோடிக்கணக்கான புள்ளிகளாக வரும் அந்த அளவை, தஞ்சாவூர் ஆபீசில் உட்கார்ந்து, மேடு பள்ளம் மாறாமல் அவள் முப்பரிமாண ரோடாக எழுப்ப வேண்டும். ஆடு, மாடு, காயும் நெல், விளிம்பில் மண்டிய புல் எல்லாவற்றையும் முதலில் அழித்துவிட வேண்டும். ரோட்டில் ரோடு மட்டும்தான் இருக்கலாம் என்பது ஆபீஸ் விதி.

நீடாமங்கலம் பக்கத்து இந்த வாய்க்கால் ரோட்டில் அவள் முதலில் அழித்தது ஐந்து கற்களை. பல்லைக் கடித்துக்கொண்டு அழித்தாள்.

மாசி மாதம் ஒரு அந்தியில் அந்தக் கல்லில் பைக் மோதித்தான் தம்பி பிரபுவின் கால் முழங்காலோடு போனது.

வைத்தவர் அந்தப் பக்கத்து விவசாயி ரெங்கசாமி. அறுவடை முடிந்ததும் பாதி ரோட்டில் நெல்லைக் காயப்போட்டு, வண்டி ஏறாமலிருக்க ஓரத்தில் கல் வைப்பது அந்தப் பக்கத்துப் பழக்கம். ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்று, அந்த இடத்தில் கரை எப்படியோ என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

“உங்க நெல்லு பெருசா, என் தம்பி காலு பெருசா?” என்று கேட்டாள் குந்தவை.

அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். அவள் போலீசில் எழுதிக் கொடுத்தாள். போலீஸ்காரர்கள் கற்களைப் புரட்டி வாய்க்காலுக்குள் தள்ளியபோது பக்கத்தில் நின்று பார்த்தாள். வருகிற வியாழக்கிழமை கோர்ட்டில் கேஸ் வருகிறது. அவரை உள்ளே தள்ளாமல் விடுவதில்லை என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தாள்.

பாய் டீ குடிக்கப் போனார். மூன்று தடவையும் ஒரே இடத்தில் வண்டி கவிழ்வானேன் என்று அவள் எதையும் அழிக்காத மூல ஸ்கேனைத் திறந்து பார்த்தாள். தம்பி விழுவதற்கு எட்டு நாள் முன்பு எடுத்தது.

நெல் இருந்தது. ஆனால் அது எதிர்ப்பக்கம், நாற்பதடி தள்ளி.

கற்கள் வாய்க்கால் விளிம்பில் அரைவட்டமாக நின்றன. அரைவட்டத்துக்குள் வெறும் புல்.

புல்லை மட்டும் நீக்கினாள். கீழே மண் இல்லை. நண்டு வளைகளில் தண்ணீர் புகுந்து கரையை அரித்து, தார் ஓரத்தோடு ஆளுயரத்துக்குச் சரிந்து கிடந்தது. பார்க்கிறவர்களுக்குப் புல்லாகத் தெரிந்தது, லேசர் இறங்கி அளந்தபோது பள்ளமாக இருந்தது.

கல் இல்லாதிருந்தால் தம்பிக்குக் கால் மட்டுமா போயிருக்கும்?

ஐந்து கற்களையும் ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தாள். 

பாய் வந்து மறுபடி ஓட்டினார். கல்லைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்து, எதிரே வந்த லாரியைப் போகவிட்டு, வளைத்துக் கடந்தார்.

“யாரோ நல்ல மனுஷன் வெச்சிருக்கான்” என்றார். “நிஜ ரோட்டுலயும் இந்தக் கல்லு இருக்குல்லம்மா?”

குந்தவை ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அங்கே போய்ச் சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. வாய்க்காலில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. கல் இருந்த இடத்தில் யாரோ நின்று டார்ச் விளக்கை ஆட்டினார்கள்.

ரெங்கசாமி.

ஹெல்மெட்டுக்குள் இருந்தவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

“வலது பக்கமா ஒதுங்கிப் போம்மா. இங்க கரை உள்வாங்கிக் கிடக்கு. மனு குடுத்திருக்கு, வருவாங்க” என்றார். “கல்லு வெச்சா கேஸுன்னுட்டாங்க. அதான், பொழுது சாஞ்சா நானே வந்து நின்னுக்கறது.”