பாரிஸில் எடுத்த படம்

2024 ஜூலை 8, திங்கட்கிழமை காலை. மதுரை ஆரப்பாளையத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில், பச்சைத் துணிக்கு முன்னால் சின்னக்கருப்பன் இரவல் கோட்டுடன் வியர்த்துக்கொண்டு நின்றார். பின்னால் ஈபிள் கோபுரத்தைக் கம்ப்யூட்டரில் சேர்த்துத் தருவதாக ஸ்டுடியோக்காரர் பாலகணேஷ் சொல்லியிருந்தார்.

“யாருக்குண்ணே காட்டப் போறீங்க?”

“மகளுக்குத்தான். அப்பா பாரிஸ் போயிட்டு வந்தாருன்னு காலேஜ் ஹாஸ்டல்ல சொல்லிட்டா. எல்லாரும் புளுகு மூட்டைன்னு கேலி பண்றாளுக. போன்ல ஒரே அழுகை.”

“அதுக்காகப் பொய்யை போட்டோ எடுத்துக் குடுப்பீங்களா? நாளைக்கு மாட்டிக்கிட்டா, அம்புட்டுப் பேர் முன்னாடியும் புள்ள மானம் போயிரும்ணே. உள்ளதச் சொல்லச் சொல்லுங்க.”

“உள்ளதத்தான் தம்பி சொல்லியிருக்கா.”

பாலகணேஷ் சிரித்தார். “அப்ப அங்க எடுத்த படம் எங்கண்ணே?”

சின்னக்கருப்பன் செல்போனை நீட்டினார். படத்தில், சன்னல் இல்லாத ஒரு சமையலறையில், பெரிய அண்டாவின் முன் அவர் கரண்டியோடு நின்றார்.

“இதுவா பாரிஸ்?”

“பாரிஸேதான். டூர் கம்பெனியில நான் சமையக்காரன். வந்தவுக எல்லாம் கோபுரம் பாக்கப் போயிட்டாங்க. திரும்பி வாரப்ப சாம்பார் சூடா இருக்கணும்ல? இந்தப் படத்தத்தான் மொதல்ல அனுப்பினேன். ஏதோ கல்யாண மண்டபம்னுட்டாளுக.”

பாலகணேஷ் கோட்டின் காலரைச் சரிசெய்துவிட்டுப் படம் எடுத்தார்.

அன்று மாலை அது மகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஹாஸ்டலில் எல்லாரும் நம்பினார்கள்.