மேஜைமேல் இருந்த டார்ச்

ஒரு கடையில் ஒரு குட்டி டார்ச் இருந்தது. விரல் நீளம்தான், சட்டைப் பையில் அடங்கிவிடும், விலையும் கையைக் கடிக்காது. கூடப் பிறந்தவையெல்லாம் அட்டைப்பெட்டிக்குள் மூச்சுமுட்டிக் கிடக்க, கடைக்காரர் அதை மட்டும் வெளியே எடுத்து மேஜைமேல் வைத்திருந்தார்.

"முகராசின்னு ஒண்ணு இருக்கில்ல," என்று பக்கத்தில் கிடந்த பூட்டிடம் அது பெருமையடித்துக்கொண்டது.

வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் எடுத்தார்கள். அமுக்கினார்கள், சுவரில் வெளிச்சம் அடித்தார்கள், சட்டைப் பையில் செருகிக் குனிந்து பார்த்தார்கள். அதுவும் உயிரைக் கொடுத்து எரிந்தது. "இதே போதும்," என்பார்கள். அடுத்த மூச்சில், "பிரிக்காததா ஒண்ணு குடுங்க," என்பார்கள். பெட்டிக்குள்ளிருந்து ஒன்று கிளம்பிப் போகும்.

"உன்னைக் காட்டி அவனுங்களை விக்கிறாரு. இன்னுமா உனக்குப் புரியலை?" என்றது பூட்டு.

"அவனுங்க கிடைச்ச இடத்துக்குப் போறவனுங்க. எனக்கு நல்ல இடமா வரும்."

ஒருநாள் ஒரு பெரியவர் வந்து அமுக்கினார். பீடி நெருப்பு மாதிரி மினுக்கிவிட்டு அணைந்துபோனது.

"என்னப்பா, மட்டமான சரக்கா இருக்கே."

"அது சாம்பிள் சார். ஆளாளுக்கு அமுக்கினது, அப்படித்தான் இருக்கும்." கடைக்காரர் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, புதுசு ஒன்றைப் பிரித்து எரியவிட்டுக் காட்டினார். பெரியவருக்குப் பிடித்துவிட்டது. பிரிக்காத இன்னொன்றை வாங்கிக்கொண்டு போனார்.

பிரித்தது மேஜைமேலேயே தங்கியது. பக்கத்தில் கிடந்த பழசைப் பார்த்து, "அண்ணே, உங்களை யாருமே கேக்கலையா?" என்றது.

பழைய டார்ச் பூட்டின் பக்கம் திரும்பவில்லை.

"கேக்காமலா? தினமும் கேட்டாங்க. நான்தான் போகலை," என்றது.