கறுப்பு எல்டர்

“வீடு உனக்கு, அந்தக் கறுப்பு எல்டர் செடி எனக்கு. வக்கீல் முன்னாடி ஒத்துக்கிட்டேல்ல?” என்றான் கிளைவ், கையில் மண்வெட்டியோடு.

“இப்பவும் ஒத்துக்கறேன். தாராளமா எடுத்துக்கோ,” என்றாள் வெரா.

பிப்ரவரியில் அவன் இன்னொருத்தியோடு போன அன்றைக்கே, ரம்பத்தை எடுத்து அந்தச் செடியை முழங்கால் உயரக் கட்டையாக அறுத்துப் போட்டுவிட்டு அக்கா வீட்டுக்குப் போனவள், ஐந்து மாதம் கழித்து இன்று காலைதான் திரும்பியிருந்தாள். செடி நிற்கும் தோட்டத்துப் பின்கதவை வேண்டுமென்றே திறக்கவில்லை. அவன் முகம் பேயறைந்ததுபோல் ஆவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

எல்டருக்குள் ஒரு கிழவி குடியிருக்கிறாள், அவளைக் கேட்காமல் வெட்டினால் குடும்பம் விளங்காது என்பார்கள் இங்கிலாந்தில் எங்கள் சாமர்செட் பக்கம். அந்தப் பயத்தில் கிளைவ் ஏழு வருஷமாக ஒரு கிளையைக்கூடக் கிள்ளியதில்லை. செடி ஒட்டடைக் குச்சி மாதிரி நெடுநெடுவென்று வளர்ந்திருந்தது.

கதவைத் திறந்தவன் அப்படியே நின்றான்.

“வெரா, என்ன பண்ணினே இதை?”

அவள் ஆசையோடு எட்டிப் பார்த்தாள். கட்டையைக் காணோம். அடியிலிருந்து புதர்போல் அடர்ந்து கிளம்பி, கன்னங்கரேலென்று இலை விரித்து ஆளுயரம் நின்றது செடி.

“ஒட்ட வெட்டினாத்தான் இப்படித் தழையும்னு நர்சரிக்காரன் தலைபாடா அடிச்சுக்கிட்டான். எனக்குத்தான் துணிச்சல் வரல.” கிளைவ் மண்வெட்டியைக் கீழே வைத்தான். “வெட்டுறப்போ கிழவிகிட்ட கேட்டியா?”

“இல்ல,” என்றாள் வெரா. “ஒவ்வொரு கிளைக்கும் உன் பேரைச் சொல்லித்தான் அறுத்தேன்.”