விழாத லிஃப்ட்

பெர்மெட் கரும்பலகையில் லிஃப்டை வரைந்து முடித்துவிட்டாள். அதை விழவைக்கத்தான் அவளுக்குக் கை வரவில்லை.

அவள் எடுத்த சீட்டில் கேள்வி நாலே வாக்கியம். ஒருவன் லிஃப்டுக்குள் நிற்கிறான். கயிறு அறுந்துவிடுகிறது. கையிலிருந்த கல்லை அவன் விடுகிறான். கல் என்ன ஆகும்?

மேசையில் கவிழ்ந்து கிடந்த இருபது சீட்டுகளில் இதுதானா அவள் கைக்கு வர வேண்டும்?

எதிரே முதுகலை நுழைவுத் தேர்வு நடத்துகிற மூன்று பேர். நடுவில் இயற்பியல் துறைத் தலைவி புருல். எல்லோருக்கும் அவர் 'எஜே', அக்கா. ஐந்து மாடி ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை அவருக்கு. ஒரு கையால் முழங்காலை நீவியபடி, மறுகையில் தேநீர்க் கிண்ணத்தோடு பலகையைப் பார்த்தார்.

"இது என்ன பொண்ணே, குடை மாதிரி?"

"பிடிப்பான், எஜே. நாலு கயிறும் அறுந்தாக்கூட பெட்டி விழாது. இது பக்கத்து இரும்பைக் கவ்விக்கும்."

மற்ற இருவரும் சிரித்துவிட்டார்கள். எஜே சிரிக்கவில்லை.

பெர்மெட் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆறு வருடமாக பிஷ்கெக் நகரத்து லிஃப்டுகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிற பொறியாளர் அவள். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் ஊரில் பாதிப் பேர் வீட்டுக்கு ஏறிப் போகிறார்கள். கயிறு அறுந்தால் என்று யாராவது பேச்செடுத்தாலே அவள் பேச்சை மாற்றிவிடுவாள்.

அந்தப் பெட்டிகளுக்குள் தனியாக மேலும் கீழும் போய்வந்தபோதுதான் இயற்பியல் படிக்கிற ஆசை பிடித்துக்கொண்டது. கிளம்பும்போது உடம்பு ஏன் கனக்கிறது? மேலே போய் நிற்கிற அந்த நொடியில் ஏன் லேசாகிறது? பொறியியல் படிப்பு கணக்கைக் கற்றுத் தந்தது. காரணத்தைக் கேட்டால் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டது.

பொறியியல் படித்தவர்களுக்கு முதுகலை இயற்பியலில் ஒரே ஒரு இடம். கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை பதவி உயர்வுத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது.

காலையில் கணவன் உலான்தான் கொண்டுவந்து விட்டான். வாசலில் குளிர்ந்த மக்சிம் பானம் விற்பவளிடம் ஒரு குவளை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டான். லிஃப்டுக்காரி படியேறிப் போகிற அதிசயத்தைப் பார்த்தீர்களா என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் கேலி பேசினான். அவள் கீழ்த்தள லிஃப்ட் கதவின் பக்கம் திரும்பாமல் விறுவிறுவென்று ஏறி வந்துவிட்டாள்.

எஜே கிண்ணத்தால் பலகையைக் காட்டினார். பிடிப்பானைக் கழற்றச் சொன்னார்.

பெர்மெட் அழித்தாள்.

"இப்பக் கயித்தை அறு. பயப்படாதே, இங்க யாரும் சாக மாட்டாங்க."

கயிற்றின் மேல் துடைப்பானை வைத்தாள். ஒருமுறை கண்ணை மூடித் திறந்தாள். இழுத்து அழித்தாள்.

பெட்டி விழுந்தது. அவளும் அதற்குள் விழுந்தாள். கல்லை விட்டாள்.

கல் அங்கேயே நின்றது.

முகத்துக்கு நேராக, விட்ட இடத்திலேயே. பெட்டியும் அவளும் கல்லும் ஒன்றுபோல் விழும்போது எது எதைவிட்டு விலகும்? கனம் என்று ஒன்று எங்கே இருக்கும்? எந்தக் கயிற்றை ஆறு வருடமாகக் கண்போல் காத்தாளோ, அதற்கு அந்தப் பக்கம்தான் விடை இத்தனை நாள் காத்திருந்திருக்கிறது.

தேர்வு அறை என்பதே மறந்து, வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"கல்லு மிதக்குது, எஜே. நானுந்தான்."

மூன்று தலைகளும் ஒன்றுசேர்ந்து ஏதோ முணுமுணுத்தன. பிறகு எஜே அவளுடைய விண்ணப்பத்தை எடுத்தார். கடைசிப் பக்கத்தைப் புரட்டி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தார்.

"இந்தக் கையெழுத்து. மூணு வருஷமா தினம் காலையில இதைத் திட்டிக்கிட்டேதான் அஞ்சு மாடி ஏறுறேன்."

பெர்மெட்டின் சிரிப்பு அப்படியே நின்றது.

கீழ்த்தளத்தில், லிஃப்ட் கதவின் குறுக்கே, மூன்று கோடை வெயிலில் பழுத்துப்போன ஒரு தாள். 'கயிறு மாற்றும்வரை இயக்கக் கூடாது.' அடியில் அவள் போட்ட கையெழுத்து.

எஜே எழுந்து அவள் முன்னால் வந்தார். உள்ளங்கையை நீட்டினார்.

"சூயுன்சூ."

நல்ல சேதி கொண்டுவருகிறவர் மட்டுமே சொல்லக்கூடிய சொல் அது. முதலில் பரிசைத் தர வேண்டும், அப்புறம்தான் சேதி. பெர்மெட்டுக்குக் கண் நிறைந்துவிட்டது. என்ன பரிசு வேண்டும் என்று கேட்டாள்.

லிஃப்டைத் திறந்துவிடச் சொன்னார் எஜே.

பெர்மெட் அவருடைய முழங்காலைப் பார்த்தாள். பலகையில் கயிறில்லாமல் மிதக்கிற பெட்டியைப் பார்த்தாள்.

"அது மட்டும் முடியாது, எஜே. கயிறு இன்னும் வரல. வேணும்னா செப்டம்பர்லேருந்து தினம் உங்க பையை நான் தூக்கிட்டு வர்றேன்."

அறையே அதிரும்படி சிரித்தார் எஜே. செப்டம்பர்வரை தன் முழங்கால் காத்திருக்காது என்று சொல்லி, புத்தகப் பையை அப்போதே அவள் தோளில் மாட்டினார்.

ஐந்து மாடி. பெர்மெட்டின் ஒரு தோளில் பை, மறு தோளில் எஜேயின் கை. கீழே அந்தத் தாளைக் கடக்கும்போது எஜே வழக்கம்போல் அதைத் திட்டினார்.

வாசலில் உலான் மூன்றாவது குவளையோடு நின்றிருந்தான். மூட்டை சுமந்து வருகிறவளைக் கண்டதும் முகம் வாடிப்போனது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"என்ன லிஃப்டுக்காரம்மா, கடைசியில சுமை தூக்குற வேலைதான் கெடச்சுதா?"

பெர்மெட் அவன் முன்னால் போய் நின்று, உள்ளங்கையை நீட்டினாள்.