ஒன்றுக்கு ஒன்று இலவசம்

ஆடித் தள்ளுபடியில் இரண்டு ரவைப் பாக்கெட்டுகள் ஒரே டேப்பில் ஒட்டிக்கொண்டு மரகதத்தின் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. ஒன்று விலைக்கு, ஒன்று இலவசம். எது எதுவென்று ஒட்டியவருக்கே தெரியாது. இடப்பக்கத்துப் பாக்கெட்டுக்கு மட்டும் அதில் சந்தேகமே இல்லை.

"என்னைத்தான் காசு கொடுத்து வாங்கினாங்க, தம்பி. நீ ஓசியில ஒட்டிக்கிட்டு வந்தவன். முதல்ல அடுப்பேறப் போறது நான்தான்" என்றது.

"சரிண்ணே" என்றது மற்றது.

மரகதம், "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று இரண்டையும் அலமாரியின் உள்கோடியில் வைத்தாள். தீபாவளிச் சலுகையில் வாங்கியவை அவற்றுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தன. பொங்கலுக்கு வாங்கியவை அதற்கும் முன்னால்.

மாசியில் தம்பி மெல்லச் சொன்னது: "அண்ணே, எனக்குள்ள என்னமோ ஊருது."

"ஓசிச் சரக்குன்னா அப்படித்தான்" என்றது அண்ணன். தனக்குள்ளும் ஊர்வதை அது சொல்லவில்லை.

பங்குனியில் ஒரு காலை, சொல்லாமல் கொள்ளாமல் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். அன்றைக்கென்று முன்வரிசையில் ரவை இல்லை. மரகதம் உள்கோடி வரை கையை விட்டு இரண்டையும் இழுத்து, டேப்பை அறுத்தாள். முதலில் அண்ணனைப் பிரித்தாள். உள்ளே வண்டு.

"போனாப் போகுது, இது சும்மா வந்ததுதானே" என்று குப்பைக்கூடையில் போட்டாள்.

அடுத்துத் தம்பியைப் பிரித்தாள். அதிலும் வண்டு. கூடை வரை போன கை அப்படியே நின்றது.

"ஐயோ, இது காசு கொடுத்து வாங்கினதாச்சே!"

சல்லடையை எடுத்துச் சலித்தாள்.

கொஞ்ச நேரத்தில், தம்பி வறுபடுகிற வாசனை கூடை வரை வந்தது. வறுபட்டிருந்தால் தனக்கும் இதே வாசனைதான் வந்திருக்கும் என்று அண்ணனுக்கு அப்போதுதான் தெரிந்தது.