ஜோடியாகத்தான் தருவார்கள்

டெல்பர்ட் இரண்டாவது முறையாக எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தான். டையைத் தளர்த்தினான், மறுபடி இறுக்கினான். பக்கத்து நாற்காலியில் அவன் மனைவி லோர்னா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"என்னைக் கட்டிக்கிறேன்னு எங்கப்பா முன்னாடி வந்து நின்னப்பகூட நீ இவ்ளோ நடுங்கல" என்றாள்.

"வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னா என்ன பண்றது, லோர்னா?"

"சொல்லட்டும், உலகமா அழிஞ்சிடும்? நீ கேக்க வந்தது ஒரு பெருச்சாளிய."

பெருச்சாளி அல்ல, கினிப்பன்றி. டொலீடோ நகரத்து ஓரத்தில், கைவிடப்பட்ட கினிப்பன்றிகளுக்கென்றே நடக்கும் காப்பகம் அது. வாலில்லாத, இரண்டு கைக்குள் அடங்குகிற ஒரு பிராணியைத் தத்தெடுக்க ஐம்பத்தெட்டு வயது ஆண்பிள்ளை டை கட்டிக்கொண்டு வந்திருந்தான். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவன் என்று ஊரில் அவனை நாகரிகமாகச் சொல்வார்கள். தொடைநடுங்கி என்பது லோர்னா வைத்த பெயர். அன்று அவன் வியர்த்து வழிந்த அழகைப் பார்த்தால், லோர்னாவின் பெயரே பொருத்தம் என்று யாரும் சொல்லியிருப்பார்கள்.

ஒரு மாதமாக அவன் செய்த கூத்து கொஞ்சமில்லை. ஹாலில் பாதியை அடைத்துக் கூண்டு கட்டினான். மூன்று மிருக வைத்தியர்களுக்குப் போன் போட்டு, கினிப்பன்றிக்குப் பல் பார்க்கத் தெரியுமா என்று விசாரித்தான். லோர்னா இதையெல்லாம் தன்னோடு பௌலிங் ஆடும் தோழிகளிடம் நடித்துக் காட்டி, அவர்களை வயிறு வலிக்கச் சிரிக்க வைத்திருந்தாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். காப்பகத்தை நடத்தும் கொரின் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, குற்றவாளியைப் பார்ப்பது போல டெல்பர்ட்டைப் பார்த்தாள்.

"முன்னாடியே சொல்லிடறேன். வர்றவங்கள்ல பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிடுவோம். கிறிஸ்துமஸுக்கு ஆசையா வாங்கிட்டு, ஜனவரியில அட்டைப் பெட்டியில போட்டு வாசல்ல வெச்சிட்டு ஓடற ஜனங்களைப் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு."

டெல்பர்ட்டின் முகம் வெளுத்தது. லோர்னாவுக்குச் சிரிப்பு வந்தது.

"கூண்டு எவ்ளோ பெரிசு?"

"ஏழடிக்கு மூணடி, மேடம்."

"வெளியூர் போனா யார் பாத்துப்பாங்க?"

"லோர்னா எங்கயும் போகமாட்டா, மேடம். அவளுக்குப் பயணம் ஒத்துக்காது."

"எனக்கு ஒத்துக்காதது இவன் கார் ஓட்டற லட்சணம்" என்றாள் லோர்னா.

கொரின் பக்கத்தைத் திருப்பினாள். "விண்ணப்பம் உங்க பேர்ல இருக்கே, லோர்னா?"

"என் பேர்லயா?" லோர்னா நாற்காலியில் நிமிர்ந்தாள். "பாத்தீங்களா! நாளைக்கு அது செத்துப்போனா பழி என் தலையில விழணும், அதுக்குத்தான். வீட்டுல குழாய் ஒழுகினாக்கூட பிளம்பருக்கு நான்தான் போன் பண்ணணும். முப்பத்தோரு வருஷமா எதுக்கும் முன்னால நிக்கத் தெரியாத ஜென்மம்!"

"நீதான் பொறுப்பா பாத்துப்ப" என்றான் டெல்பர்ட், தரையைப் பார்த்து.

கொரின் உள்ளே போய், ஒரு துண்டில் பழுப்பு ஒன்றும் வெள்ளை ஒன்றுமாக இரண்டைத் தூக்கி வந்தாள். "ஜோடியாத்தான் குடுப்போம். ஒண்ணை மட்டும் தனியா விட்டா ஏங்கிப்போயிடும்."

"எலிக்கு ஏக்கம் வேறயா!"

"யார் மடியில விடட்டும்?"

டெல்பர்ட் மனைவியைக் காட்டினான்.

"தொட்டுப் பாக்கக்கூடத் துப்பில்ல. இதுக்கு ஒரு டை வேற" என்று லோர்னா துண்டோடு வாங்கிக்கொண்டாள்.

வெள்ளை அவள் மடியில் சுருண்டது. பழுப்பு அவள் முழங்கை மடிப்பில் மூக்கை நுழைத்து, தொண்டைக்குள் மெல்லக் குறுகுறுத்தது. லோர்னாவின் விரல் தானாகவே அதன் காதுக்குப் பின்னால் போயிற்று. கைக்கடிகாரத்தை அவள் மறந்தே போனாள். டெல்பர்ட் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"காதைப் பாரேன், வாடின இலை மாதிரி" என்றாள் லோர்னா. பிறகு, எதிரே ஆட்கள் இருப்பது ஞாபகம் வந்து, "நாத்தம் அடிக்காதுல்ல?" என்று முகத்தைச் சுளித்தாள்.

"இவளை அதுங்களுக்குப் பிடிச்சுப்போச்சா, மேடம்?" என்று டெல்பர்ட் கேட்டான்.

"பிடிக்கலைன்னா இப்படிக் கால் நீட்டிப் படுக்குமா? உங்க மனைவிக்கும் பிடிச்சிருக்கு. வாய்தான் ஒத்துக்கல." கொரின் முதல் தடவையாகச் சிரித்தாள். "குடுக்கறேன். இன்னைக்கே எடுத்துட்டுப் போங்க."

டெல்பர்ட் நீளமாக மூச்சு விட்டான். கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தான்.

"என்னமோ மலையையே புரட்டின மாதிரி" என்றாள் லோர்னா.

கொரின் பேனாவை எடுத்தாள். "ஒரே ஒரு கேள்வி பாக்கி. வீட்டுல மொத்தம் எத்தனை பேர்?"

"ரெண்டுன்னு போடுங்க" என்று லோர்னா சிரித்தாள். "இவனையும் ஒரு ஆளுன்னு சேத்துக்கிட்டா ரெண்டு. இல்லைன்னா ஒண்ணு."

டெல்பர்ட் எழுந்து நின்று கோட்டை மாட்டிக்கொண்டான்.

"ஒண்ணுன்னே போடுங்க, மேடம். நாளையிலேருந்து இவ மட்டும்தான்."