நீலச் செருப்பு

நகர மக்களுக்கு ஒரு மகத்தான அறிவிப்பு: இவ்வாண்டு நம் மாநகரில் ஒரு பாலியல் வன்கொடுமைகூட நடக்கவில்லை. அதற்காகக் காவல் நிலையத்தில் கேக் வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் வசுமதி ஒற்றைச் செருப்போடு வந்து, பாலத்தடியில் ஒருவன் தன்னைச் சீரழித்துவிட்டதாகச் சொன்னாள்.

“இன்னிக்குன்னு பார்த்தா வரணும்? கேக் எடுத்துக்கம்மா,” என்றார் ஏட்டு. “செருப்பு காணோம்னு எழுதிக்கிறேன். உனக்கும் மானம் மிச்சம், எங்களுக்கும் மிச்சம்.”

“அவன் மூஞ்சிய நல்லாப் பார்த்தேன் சார்.”

“செருப்பு என்ன கலரு? வீட்டு விலாசம் சொல்லு.”

சொன்னாள்.

மறுநாள் காலை கதவைத் திறந்தாள். வாசற்படியில் அந்த நீலச் செருப்பு. சேறு போகத் துடைத்து, முனை வீட்டுக்குள் பார்த்தபடி வைக்கப்பட்டிருந்தது. விலாசத்தை அவள் ஏட்டிடம் மட்டுமே சொல்லியிருந்தாள்.

தொலைந்த பொருள் கிடைத்துவிட்டதால் புகார் முடித்துவைக்கப்பட்டது.